இரண்டாவது கைப்பிடி

(சங்கத்தின் ஆண்டு விழாவில், பெற்றோரும் மாணவரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)

     

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் குறளையும் சிலம்பையும் கம்பனையும் விளக்கக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். நானோ பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, சரக்குக் கணக்கும் பயணச்சீட்டுக் கணக்கும் எழுதுபவன். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. ஆதலின் நான் பழகி அறிந்த ஒரு பொருளைப் பற்றிப் பேசவே இசைந்தேன். அப்பொருள் வீடியோ கேம். பெயரைக் கேட்டதுமே தாய்மார்கள் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கிறேன். சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

மாலை ஏழு மணிக்கு நம் காலனித் தெருவிலே நடந்து செல்வோர் வீட்டுக்கு வீடு ஒரே வழக்கைக் கேட்கலாம். ‘அதைக் கீழே வை’ என்பது தாயின் குரல். ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்பது பிள்ளையின் குரல். பாலக்காட்டிலும் சிற்றூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் வாழும் நம் உறவினர் வீடுகளிலும், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளிலே தோட்ட வேலை செய்யும் நம்மவர் லயங்களிலும் இதே வழக்குத்தான். இவ்வழக்கில் நாம் கேட்கும் கேள்வி ஒன்றே: எவ்வளவு நேரம் ஆடுகிறான்? இக்கேள்வி வேண்டுவதே. ஆயினும் இதற்கு முன்னே கேட்கத் தக்க கேள்வி ஒன்று உண்டு. யாருடன் ஆடுகிறான்? இதனை வற்புறுத்துவதே என் உரையின் நோக்கம்.

முதற்கண் இவ்விளையாட்டு நம் பக்கம் வந்த வரலாற்றைச் சிறிது கூறுகின்றேன். ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் ஒரு கருவியை வெளியிட்டது. ‘குடும்பக் கணிப்பொறி’ என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். அப்பெயருக்கேற்ப அக்கருவியோடு இரண்டு கைப்பிடிகளைப் பிரிக்க முடியாதவாறு கம்பியால் பிணைத்தே விற்றனர். ஒருவனுக்கு மட்டும் என்று அதை வாங்க இயலாது. வாங்கும்போதே இன்னொருவனுக்கும் இடம் உண்டு. மற்றொரு நுட்பமும் உண்டு. ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தி வைக்கவும் உதவும் பொத்தான்கள் முதற் கைப்பிடியில் மட்டுமே அமைந்தன; இரண்டாவதில் அவை இல்லை. இரண்டாமவன் தண்ணீர் குடிக்க எழ வேண்டுமானாலும் முதலாமவனைக் கேட்டே எழ வேண்டும். வீட்டுக்காரப் பிள்ளைக்கும் விருந்தாக வந்த பிள்ளைக்கும் உள்ள உறவே அப்பொத்தான்களில் அடங்கியிருந்தது எனலாம்.

அக்கருவியைப் பார்த்துச் செய்த மலிவான கருவிகள் 1990களில் நம் நாட்டுக் கடைகளிலே நிறைந்தன. ஒலவக்கோட்டு இரயில்வே காலனியில் நான் சிறுவனாயிருந்தபோது, 1993இல், ஓர் ஓட்டுநர் வீட்டுக்கு அப்படி ஒன்று வந்தது. வளைகுடா நாட்டில் வேலை செய்த மாமன் விடுமுறைக்கு வருகையில் கொண்டுவந்தது அது. எங்களுக்குள் கைப்பிடியின் பெயர் ஜாய்ஸ்டிக். ஆட்டம் அடங்கிய பெட்டியின் பெயர் கேசட். ஒரு கருவி, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒன்பது பிள்ளைகள். தோற்றவன் எழ, அடுத்தவன் அமர்வான். ஞாயிறு காலையில் அவ்வீட்டுத் திண்ணையில் செருப்புகள் கோயில் வாயிலிற் கிடப்பது போலக் கிடக்கும்.

நாங்கள் மிகுதியாக ஆடிய ஆட்டங்கள் இரண்டு. முதலாவது டாங்கி ஆட்டம். நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட ‘பேட்டில் சிட்டி’ என்பது அதன் பெயர். செங்கற் சுவரால் சூழப்பட்ட ஒரு கழுகுச் சின்னத்தைப் பகைவரிடமிருந்து இருவர் சேர்ந்து காக்க வேண்டும். தோழன்மேல் தவறிச் சுட்டால் அவன் சிறிது நேரம் அசைவற்று நிற்பான். அந்நேரத்திற்குள் பகைவர் புகுந்துவிடுவர். ஆத்திரத்திலே கண்டபடி சுட்டு நம் குண்டு நம் சின்னத்தின் மீதே பட்டாலும் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது ‘காண்ட்ரா’. கொனாமி நிறுவனம் 1987இல் ஆக்கிய அவ்வாட்டம் மறு ஆண்டிலே வீட்டுக் கருவிக்கும் வந்தது. அதில் ஓர் அருவியின் பாறைகளில் தாவித் தாவி இருவர் மேலேற வேண்டிய கட்டம் உண்டு. முன்னே செல்பவன் வேகமாக ஏறினால் திரையும் உடன் ஏறும். பின்தங்கியவன் திரையின் அடியிலே மறைந்து மடிவான். பகைவன் கையால் அன்று, தோழன் அவசரத்தால் மடிவான்! ‘நில்லுடா, நான் வரட்டும்’ என்னும் கூக்குரல் எழாத ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனியில் இல்லை. பிறருக்காகக் காத்து நிற்றல் என்னும் பாடத்தை நீதி நூல்களில் பின்னர்ப் படித்தேன். அருவிப் பாறையில் அதை முன்னரே கற்றிருந்தேன்.

அந்த ஒன்பது பேரில் தமிழ்ப் பிள்ளைகள் நால்வர், மலையாளப் பிள்ளைகள் நால்வர், ஒருவன் தெலுங்கன். பள்ளியில் நாங்கள் வெவ்வேறு வகுப்பறைகளில், வெவ்வேறு மொழிகளிலே பாடம் படித்தோம். திரையின் முன்னே மட்டும் ஒரே வரிசை. மலையாளத்தை நானும், தமிழை அவர்களும் கற்றது பாடப் புத்தகத்தால் அன்று. ‘இடப்பக்கம் போ’, ‘மேலே பார்’ என்னும் ஏவல்களால் கற்றோம். தமிழ் நால்வரில் ஒருவன் தேவிகுளத்துக்கு அருகேயுள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. உயர்நிலைப் பள்ளிப் படிப்பின் பொருட்டுத் தன் மாமன் வீட்டில் தங்கியிருந்தான். இடுக்கி மாவட்டத்திற்கு இரயில் பாதை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. விடுமுறைக்கு ஊர் செல்ல வேண்டுமானால், பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியே பேருந்து மாறி மாறி அவன் மலையேறுவான். வந்த புதிதில் யாரோடும் பேசாத அப்பிள்ளை, இரண்டாவது ஜாய்ஸ்டிக் கைக்கு வந்த அன்றுதான் வாய் திறந்தான்.

இரயில்வேக் குடும்பங்களின் இயல்பு உங்களுக்குத் தெரியும். மாறுதல் உத்தரவு வந்தால் ஒரு வாரத்தில் வீடு காலி. மூன்றாண்டுக்குள் ஒன்பது பேரும் ஐந்து ஊர்களுக்குப் பிரிந்தோம். எனினும் நட்புப் பிரியவில்லை. புதிய கேசட்டில் எந்தக் கட்டத்தை எப்படிக் கடப்பது என்று அஞ்சலட்டையிலே படம் வரைந்து எழுதினோம். பழுதான ஜாய்ஸ்டிக்கின் கம்பியைப் பற்றவைத்துப் பழகியவன் இன்று சிக்னல் பிரிவிலே திறமிக்க ஊழியன். மற்றவர்கள் ஆசிரியர், கடைக்காரர், வண்டி ஓட்டுநர் என்று பல தொழில் செய்கின்றனர்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது மலைச்சாலைகள் சரிந்து மூணாற்றுப் பக்கம் துண்டிக்கப்பட்டது. தோட்டத்து நண்பனிடமிருந்து மூன்று நாள் செய்தி இல்லை. அவன் சுற்றத்தாருக்கு முன்னே எங்கள் எண்மருக்குள் தொலைபேசிகள் ஒலித்தன. போடியில் கடை வைத்திருந்த மலையாள நண்பன் போடிமெட்டுவரை ஏறிச் சென்று, கீழே இறங்கி வந்தோரை விசாரித்து, ‘குடும்பத்தோடு நலம்’ என்னும் சொல்லைக் கொண்டுவந்தான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ‘நில்லுடா, நான் வரட்டும்’ என்று கூவிய குரலுக்குக் கிடைத்த மறுமொழியாகவே அதனைக் கருதினேன்.

ஒரு காலனியின் அனுபவம் உலகத்துக்கெல்லாம் சான்றாகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆதலின் உலகறிந்த இருவர் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகின்றேன்.

முதலாமவர் ஜப்பானியர் சடோஷி தஜிரி. 1965இல் பிறந்தவர். டோக்கியோவின் புறநகராகிய மச்சிடாவிலே வயல்களிலும் குட்டைகளிலும் பூச்சி பிடித்துத் திரிந்த சிறுவர். நகரம் வளர வளர, குட்டைகள் தூர்ந்து கட்டடங்கள் எழுந்தன. அவர் அறிந்த மீன்பிடி குளம் இருந்த இடத்தில் விளையாட்டுக் கூடம் ஒன்று வந்தது. 1978இல் வெளியான ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் ஆட்டம் அவரை ஆட்கொண்டது. பள்ளிக்குச் செல்லாமல் கூடத்திலே நின்றார். நம் காலனிப் பெற்றோரைப் போலவே அவருடைய பெற்றோரும் கலங்கினர்.

அவர் செய்தது யாது? 1983இல், தாம் அறிந்த ஆட்ட நுணுக்கங்களைக் கையால் எழுதி, தாள்களைப் பின் அடித்து, ‘கேம் ஃப்ரீக்’ என்னும் பெயரில் ஒரு சிறு பத்திரிகையாக விற்றார். கடையில் அதைக் கண்ட கென் சுகிமோரி என்னும் ஓவியர் தாமே தேடிவந்து படம் வரைய முன்வந்தார். இருவரும் நண்பராயினர்; வேறு சிலரும் சேர்ந்தனர். 1989இல் பத்திரிகையின் பெயரிலேயே நிறுவனம் கண்டனர். அவ்வாண்டிலே கையடக்கக் கருவியாகிய ‘கேம் பாய்’ வெளிவந்தது. இரண்டு கருவிகளைப் பிணைக்கும் ஒரு கம்பியும் அதற்கு உண்டு. அக்கம்பியைக் கண்ட தஜிரியின் மனத்தில், ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்குப் பூச்சி ஊர்ந்து செல்வதாகத் தோன்றியதாம். அவ்வெண்ணத்தில் பிறந்ததுதான் நம் குழந்தைகள் அனைவரும் அறிந்த ‘போக்கிமான்’. ஆறாண்டு உழைப்புக்குப்பின் 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் அது வெளிவந்தது.

அதன் அமைப்பிலே ஓர் அருமை உண்டு. சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக அதை விற்றனர். சிவப்பிலே கிடைக்கும் உயிர்கள் சில பச்சையிலே கிடையா. பச்சையிலுள்ளவை சில சிவப்பிலே இல்லை. முழுத் தொகுப்பையும் சேர்க்க விரும்புகிறவன் எவ்வளவு வல்லவனாயினும் தனியனாக முடிக்க இயலாது. மறு பதிப்பை வைத்திருக்கும் ஒருவனைத் தேடிச் சென்று, கம்பியைப் பிணைத்து, தன்னுடையதைக் கொடுத்து அவனுடையதைப் பெற வேண்டும்.

இரயில்வே அன்பர்களுக்கு இது புதிதன்று. ஒற்றைப் பாதையிலே டோக்கன் முறை நடந்த நாள்களை நினைத்துப் பாருங்கள். இந்நிலையத்தார் தம் கருவியிலிருந்து டோக்கனை எடுக்க வேண்டுமாயின் அடுத்த நிலையத்தார் தம் கருவியை இயக்கி இசைவு தர வேண்டும். எவ்வளவு பெரிய அதிகாரியாயினும் ஒருவராக அதை வெளியே எடுக்க முடியாது. வண்டி மோதாமல் ஓடியது இருவர் இசைவால். போக்கிமான் நிறைவேறியதும் இருவர் இசைவால். குட்டைகளை இழந்த ஒரு சிறுவர், பூச்சிகளைத் தோழரோடு மாற்றிக்கொள்ளும் இன்பத்தைப் பிற்காலத்துப் பிள்ளைகளுக்கு மீட்டுத் தந்தார்.

இரண்டாமவர் நார்வே நாட்டு இளைஞர் மட்ஸ் ஸ்டீன். 1989இல் பிறந்தவர். தசைகள் படிப்படியாகத் தளரும் டுஷேன் என்னும் கொடிய நோய் அவரைக் குழந்தைப் பருவத்திலேயே பற்றியது. சிறு வயதிலேயே சக்கர நாற்காலியில் அமர்ந்தார். மற்றப் பிள்ளைகளோடு பந்தாட இயலாத அவருக்குக் கணிப்பொறி ஆட்டமே துணையாயிற்று. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட்’ என்னும் ஆட்டத்தில் இபெலின் என்னும் பெயர் பூண்டு இரவு பகலாக உலவினார். மகன் தனிமையிலே வாடுகிறான், நட்பும் அன்பும் அறியாமலே போகிறான் என்று பெற்றோர் வருந்தினர். 2014ஆம் ஆண்டு நவம்பரில் இருபத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தார்.

மகன் விட்டுச்சென்ற கடவுச்சொல்லைக் கொண்டு, அவர் எழுதி வந்த இணையக் குறிப்பேட்டிலே தந்தை மறைவுச் செய்தியை இட்டார். பின் நிகழ்ந்தது அக்குடும்பம் எதிர்பாராதது. பல நாடுகளிலிருந்து இரங்கல் மடல்கள் வந்து குவிந்தன. முகமறியாத மனிதர்கள், ‘உங்கள் மகன் என் உற்ற நண்பர்’ என்று பக்கம் பக்கமாக எழுதினர். ஆஸ்லோ நகரிலே நடந்த இறுதிச் சடங்குக்குச் சிலர் கடல் கடந்தும் வந்தனர். டென்மார்க்கில் ஒரு தாயும் மகனும் நெருங்கிப் பேச இயலாமல் ஒரே வீட்டிலே அயலார் போல் வாழ்ந்தனர். மட்ஸ் கூறிய யோசனையால் அவர்கள் அந்த ஆட்டத்திற்குள்ளே ஒருவரையொருவர் நெருங்கி, பின் வீட்டிலும் நெருங்கினர். இவ்வரலாற்றை பெஞ்சமின் ரீ என்பவர் ஆவணப்படமாக எடுத்தார். 2024இல் அது வெளிவந்து பலநாட்டு மக்களையும் உருக்கியது.

இந்த வரலாற்றில் நான் கண்ட துயரம் ஒன்று உண்டு. மட்ஸுக்கு நண்பர்கள் இருந்தனர். அவர்கள் இருந்ததைப் பெற்றோர் அறிந்தது மகன் மறைந்த பின்னரே. அன்பிற் குறைந்த பெற்றோர் அல்லர்; மகனுக்கேற்ப வீட்டையே மாற்றியமைத்தவர்கள். எனினும் அந்தத் திரைக்குள் இருப்பவர் யார் என்னும் கேள்வியின் விடை அவர்களுக்கு எட்டவில்லை. நம்முடைய பிள்ளைகள் நலமாக, நம் பக்கத்திலேயே இருக்கின்றனர். கேட்பதற்கு நமக்கு இன்று மாலையே நேரம் உண்டு.

இவ்வளவு கூறியதால், இரவெல்லாம் ஆடலாம் என்று பின்வரிசைத் தம்பிமார் மகிழ வேண்டா! மட்ஸ் ஸ்டீனுக்கு வேறு கதவுகள் எல்லாம் மூடியிருந்தன. உங்களுக்கு மைதானம் இருக்கிறது, மழை இருக்கிறது, மலை இருக்கிறது. ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு இழத்தல், மற்றெல்லாக் கடமைக்கும் மேலாக அதனை வைத்தல், தீங்கு கண்டும் விடாதிருத்தல் ஆகிய மூன்றும் நெடுநாள் நீடித்தால் அது நோய் என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. 2019இல் ஏற்கப்பட்ட அந்நோய்ப் பட்டியல் 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய குறி காணும் பெற்றோர் பிள்ளையை அடிக்கவோ, வெட்கி மறைக்கவோ வேண்டா. 14416 என்னும் எண்ணில் அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவியைக் கட்டணமின்றிப் பெறலாம்.

பணம் வைத்து ஆடும் ஆட்டம் வேறு வகை. வள்ளுவப் பெருந்தகை நட்பின் இயல்பை ஐந்து அதிகாரங்களில் விரித்தார். சூதுக்குத் தனியே ஓர் அதிகாரம் வைத்து அதனைக் கடிந்தார். இரண்டையும் ஒன்றாகக் கருதாத அப்பகுப்பு இன்றும் நமக்கு வழிகாட்டும். தமிழ்நாட்டரசு இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க 2022இல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை விலக்கிச் சட்டம் செய்தது. திறமையால் ஆடும் மின்விளையாட்டுப் போட்டிகளை அதே சட்டம் ஏற்றும் இருக்கிறது. சூதிலே எதிரே இருப்பவனின் இழப்பே நம் வரவு. ஆதலால் அங்கே இரண்டாவது கைப்பிடி இல்லை. இரண்டாவது பணப்பைதான் உண்டு.

இனி, பெற்றோர் செய்யத் தக்கது யாது? இன்றைய கைப்பேசி ஒருவர் உள்ளங்கைக்கென்றே அமைந்தது. இரண்டாவது கைப்பிடியை அது தானே தருவதில்லை. நாம்தான் அமைத்துத் தர வேண்டும். பிள்ளை யாரோடு ஆடுகிறான், அவன் எவ்வூரான், அவனை எவ்வாறு அறிந்தான் என்று போலீஸ்காரர் போலன்றி விருந்தினர் போலக் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் அருகே அமர்ந்து நீங்களும் ஆடித் தோற்றுப் பாருங்கள். தந்தையை வென்ற மகன் அன்று இரவு தானே பேசுவான்.

சென்னையில் ஒரு குடும்பத்தார், மகள் தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்ப்பதைக் குறைப்பதற்காக அவளைச் சதுரங்கம் பழக அனுப்பினர். அக்காள் ஆடுவதைப் பார்த்துத் தம்பியும் பலகையின் எதிரே அமர்ந்தான். அவர்களே வைஷாலியும் பிரக்ஞானந்தாவும். உடன்பிறந்த அக்காளும் தம்பியும் இருவருமே கிராண்ட்மாஸ்டர் ஆனது உலகிலே அதுவே முதன்முறை. பெற்றோர் திரையை அணைத்ததோடு நிறுத்தியிருந்தால் இது நிகழ்ந்திராது. அதற்கு மாற்றாக ஒரு பலகையையும் வைத்தனர். அப்பலகைக்கு எதிர்ப்பக்கம் என ஒன்று இருந்தது.

சங்கத்தாருக்கு என் சிறு விண்ணப்பம் ஒன்று. நம் படிப்பகத்தில் ஞாயிறு மாலைகளில் இரண்டு மணி நேரம் இளைஞருக்கென ஒதுக்குவோம். இரண்டு சதுரங்கப் பலகை, ஒரு கேரம் பலகை, யார் வீட்டிலேனும் சும்மாயிருக்கும் ஒரு தொலைக்காட்சி, இரண்டு கைப்பிடி கொண்ட ஓர் ஆட்டக் கருவி: இவை போதும். சூதுக்கு இடமில்லை; தனியாக ஆடவும் இடமில்லை. தமிழ்ப் பிள்ளைகளோடு அண்டை வீட்டு மலையாளப் பிள்ளைகளையும் அழைப்போம். மலையிலிருந்து படிக்க வந்து, உறவினர் வீட்டிலே வாய் திறவாமல் இருக்கும் பிள்ளை எவரேனும் நம் காலனியில் இன்றும் இருப்பர். அவர்களை முதலில் அமர வைப்போம். கருவி வாங்கும் செலவில் என் பங்காக ஆயிரம் ரூபாயைச் செயலாளரிடம் இப்பொழுதே ஒப்படைக்கிறேன்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!